அழையா விருந்தாளியைப் பார்த்துச் சிரிக்கலாமா?

ஒரு வெள்ளைக்கார நடிகர் முகத்தில் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டு, இந்தியராக வேடங்கட்டி, நம்மவர் இங்கிலீஷ் பேசுவதாக நினைத்து இழுத்து இழுத்துப் பேசினால் உங்களுக்குச் சிரிப்பு வருமா, கோபம் வருமா? அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிடாதீர்கள். ‘தி பார்ட்டி’ என்ற ஹாலிவுட் படத்தைப் போட்டால் ஒரே வீட்டுக்குள் இரண்டு கட்சி கிளம்பிவிடும். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். காலேஜில் படிக்கிற மகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்பதுதான் இதில் உள்ள சங்கடம்.

படம் வெளிவந்தது 1968 ஏப்ரலில். பிளேக் எட்வர்ட்ஸ் டைரக்டர். இந்தியராக வேடம் போட்டவர் பீட்டர் செல்லர்ஸ். ‘பிங்க் பேந்தர்’ படங்களில் இன்ஸ்பெக்டர் குளூசோவாக வந்து, போகிற இடமெல்லாம் மேசை நாற்காலியை உடைத்துவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி மீசையைத் தடவிக்கொள்வாரே, அவரேதான். இருவரும் கூட்டுச் சேர்ந்த படங்களில் அந்த வரிசையைச் சேராத படம் இது ஒன்றுதான். ஹாலிவுட் தன்னைத் தானே கேலி செய்துகொள்ளும் படங்களில் இதற்குத் தனி இடம் உண்டு. ஆனால் அந்தக் கேலிக்கு நடுவில் ஓர் இந்தியரை நிறுத்தியதால், ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் வழக்குத் தீர்ந்தபாடில்லை.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஹிருண்டி வி. பக்‌ஷி இந்தியாவிலிருந்து ஹாலிவுட்டுக்கு வந்த ஒரு துணை நடிகர். வெள்ளைக்காரப் பட்டாளம் மலைக்கோட்டையைப் பிடிக்கப் போகிற பழைய பாணிப் படம் ஒன்றில் அவருக்குக் கொம்பு ஊதும் சிப்பாய் வேடம். குண்டடி பட்டுச் சாகவேண்டிய மனிதர் சாகமாட்டேன் என்கிறார். விழுகிறார், எழுந்து ஊதுகிறார். மறுபடியும் சுடுகிறார்கள், மறுபடியும் ஊதுகிறார். சுடுகிறவர்களுக்கே சலித்துப்போகிறது! அடுத்த காட்சியில் நூறு வருஷத்துக்கு முந்திய கதையில் கையில் கடிகாரத்தோடு வந்து நிற்கிறார். கடைசியில் செருப்பு வாரைச் சரி செய்வதற்காகக் காலைத் தூக்கி ஒரு பெட்டியின்மேல் வைக்கிறார். அது வெடிமருந்துக்கு உயிர் கொடுக்கிற பெட்டி. கேமரா ஓடுவதற்கு முன்பே, லட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டிய கோட்டை தூள் தூளாகப் பறக்கிறது.

ஸ்டூடியோ முதலாளி கிளட்டர்பக்குக்குச் சேதி போகிறது. இந்த ஆளுக்கு இனி ஹாலிவுட்டில் வேலையே கிடைக்கக்கூடாது என்று பெயரை ஒரு தாளில் குறித்துவைக்கிறார். அந்தத் தாள் அவர் வீட்டு விருந்துக்கு அழைக்கவேண்டியவர்களின் பட்டியல்! காரியதரிசி அதன்படி அழைப்பை அனுப்பிவிடுகிறாள். பக்‌ஷியும் தம்முடைய குட்டி மூன்று சக்கரக் காரை ஓட்டிக்கொண்டு, வெளுப்பு நிறக் கோட்டும் சிவப்புக் காலுறையுமாக, மனம் நிறைந்த நன்றியோடு வந்து சேர்கிறார். அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம், அந்த ஓர் இரவு, அந்த ஒரே பங்களா.

தோட்டத்து நேயர்களுக்கு இந்த நிலைமையை விளக்கவேண்டியதில்லை. துரை பங்களாவில் விருந்து. வாசலில் வரிசையாகக் கார்கள். தவறுதலாக அழைப்புக் கிடைத்து நம் லயத்து ஆள் ஒருவர் சலவைச் சட்டையோடு உள்ளே போய் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்று தெரியாது. கேட்கக் கூச்சம். யாரும் அவரை விரட்டவில்லை, யாரும் அவரோடு பேசவுமில்லை. ஒரு கூட்டத்தினரின் அருகில் போய் நிற்கிறார். அவர்கள் சிரிக்கும்போது தாமும் சிரிக்கிறார். ஏன் சிரித்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. இந்தக் காட்சியில் தியேட்டரே குலுங்கும். எனக்கு மட்டும் கொஞ்சம் தொண்டையை அடைக்கும்.

சேறு பட்ட செருப்பும் சிறுநீர் முட்டிய நேரமும்

செல்லர்ஸின் நடிப்பைப் பற்றி ரசிகர்கள் பேசும்போது பெரும்பாலும் சொல்வது அந்தச் செருப்புக் காட்சியைத்தான். வரும் வழியில் வெள்ளைச் செருப்பில் சேறு அப்பிக்கொள்கிறது. பங்களாவுக்குள்ளேயே ஓடுகிற அலங்கார நீரோடையில் யாரும் பார்க்காத நேரத்தில் கழுவப் பார்க்கிறார். செருப்பு கைநழுவித் தண்ணீரோடு மிதந்து போகிறது. ஒற்றைக் காலில் செருப்பும் மறுகாலில் சிவப்பு உறையுமாக, விருந்தாளிகளுக்குப் புன்னகையோடு தலையசைத்துக்கொண்டே, அவர் அந்தச் செருப்பைத் தொடர்ந்து போகிறார். அலங்காரச் செடியிலிருந்து ஒரு கிளையை ஒடித்துத் துழாவுகிறார். செருப்பு மேலே எகிறிப் பலகாரத் தட்டில் போய் விழுகிறது. பரிமாறுகிறவர் அந்தத் தட்டை ஏந்திக்கொண்டு கூட்டத்துக்குள் நடக்கிறார். கடைசியில் தட்டு பக்‌ஷியிடமே வருகிறது. அவர் மிக நாசூக்காக, ஒரு பலகாரத்தை எடுப்பதுபோல, தம் செருப்பை எடுத்துக்கொள்கிறார். இத்தனைக்கும் ஏறக்குறைய வசனமே கிடையாது.

இன்னொன்று, சிறுநீரை அடக்கிக்கொண்டு நிற்கிற காட்சி. ஒரு பெண் கித்தார் வாசித்துப் பாடிக்கொண்டிருக்கிறாள். நடுவில் எழுந்து போவது மரியாதை இல்லையே! இடுப்புக்கு மேலே பக்‌ஷி பாட்டை ரசிக்கும் கனவான். இடுப்புக்குக் கீழே பரிதாபத்துக்குரிய ஜீவன். கால் பின்னுகிறது, முழங்கால் நெருங்குகிறது, முகத்தில் மட்டும் அதே புன்னகை. கடைசியில் மாடிக் குளியலறையைக் கண்டுபிடித்து நிம்மதிப் பெருமூச்சு விட்டால், அங்கே காகிதச் சுருள் நிற்காமல் அவிழ்ந்துகொண்டே இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தொட்டால் சுவரில் மாட்டிய படம் தொட்டிக்குள் விழுகிறது. படத்தைத் துடைக்கப்போனால் சாயம் கரைகிறது. ஒரு சிறு தவறைச் சரிசெய்யப்போய் அதைவிடப் பெரிய தவறு, அதைச் சரிசெய்யப்போய் இன்னும் பெரியது என்று ஏணி கட்டிக்கொண்டு போகிறது விஷயம்.

இது திட்டம் போட்டு எழுதிவைத்த வேடிக்கை அல்ல என்பதையும் சொல்லவேண்டும். படப்பிடிப்புக்கு வைத்திருந்த வசனப் பிரதி வழக்கமான படத்தில் பாதியளவுதான். மீதியை எட்வர்ட்ஸும் செல்லர்ஸும் அரங்கத்திலேயே உருவாக்கினார்கள். எடுத்ததை உடனே வீடியோவில் போட்டுப் பார்த்து, அடுத்த காட்சிக்கு அதிலிருந்து நூல் பிடித்தார்கள். அந்தக் காலத்தில் இது புதுமை. காட்சிகள் ஒன்றிலிருந்து ஒன்று முளைப்பதுபோல் தோன்றுவதற்கு இதுவே காரணம். சில இடங்களில் படம் தளர்ந்துபோவதற்கும் இதுவேதான் காரணம் என்பேன். கடைசி இருபது நிமிஷம் வீடு முழுக்கச் சோப்பு நுரை பொங்குகிற கட்டத்தில் செல்லர்ஸைத் தேடவேண்டியிருக்கிறது. நுரையைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வயது போதாது, அல்லது கூடிவிட்டது.

இப்போது உங்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன், முடிந்தால் செய்து பாருங்கள். டெலிவிஷன் சத்தத்தை முழுக்க அடைத்துவிட்டுப் படத்தைப் பாருங்கள். செருப்புக் காட்சி குறையுமா? குறையாது. குளியலறைக் காட்சி? ஒரு துளி குறையாது. தாழ்வான நாற்காலி கிடைத்து, மோவாய் மேசைக்கு நேராக வர, கோழித்துண்டை வெட்டப்போய் அது பறந்து எதிரே இருக்கும் சீமாட்டியின் தலை அலங்காரத்தில் போய்க் குத்தி நிற்கிறதே, அது? அதுவும் குறையாது. அப்படியானால் அந்த இழுவைப் பேச்சும் பழுப்புச் சாயமும் எதற்கு?

எங்கே கற்றார் இந்த உச்சரிப்பை?

செல்லர்ஸ் 1925-ல் இங்கிலாந்தில் நாடகக் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்தார். விமானம் ஓட்ட அல்ல, படைவீரர்களுக்கு விகடக் கச்சேரி நடத்த. அந்தக் குழுவோடு இந்தியா, இலங்கை, பர்மா என்று சுற்றினார். காதில் விழுந்த குரலை அப்படியே திருப்பிக் கொடுக்கும் வித்தை அவருக்குப் பிறவியிலேயே வாய்த்தது. 1960-ல் ‘தி மில்லியனரஸ்’ படத்தில் சோபியா லாரனுக்கு ஜோடியாக இந்திய டாக்டராக வந்தார். படத்துக்கு விளம்பரமாக இருவரும் சேர்ந்து பாடிய ‘குட்னஸ் கிரேஷியஸ் மீ’ இசைத்தட்டு இங்கிலாந்தில் சக்கைப்போடு போட்டது. ஆக, பக்‌ஷி திடீரென்று குதித்தவர் அல்ல. எட்டு வருஷமாக விலைபோன சரக்கு.

மகளின் கட்சி இங்கேதான் எழுந்து நிற்கிறது. ‘இந்திய நடிகரை ஹாலிவுட் எப்படி மதிப்பில்லாமல் நடத்துகிறது என்று கேலி செய்கிற படத்தில், அந்த இந்திய நடிகர் வேடத்தைக்கூட ஓர் இந்திய நடிகருக்குக் கொடுக்க ஹாலிவுட்டுக்கு மனம் வரவில்லையே!’ என்று கேட்கிறாள். பதில் சொல்வது கஷ்டம். இந்திய நடிகருக்குப் பஞ்சமா அப்போது? மைசூர்ப் பையன் சாபு 1937-லேயே ‘எலிபன்ட் பாய்’ படத்தில் கதாநாயகன். ஐ. எஸ். ஜோஹர் 1962-ல் ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வில் நடித்தார். சசி கபூர் 1965-ல் ‘ஷேக்ஸ்பியர் வாலா’வில் நடித்தார். படத்தின் ஆரம்பக் காட்சி கேலி செய்கிற 1939-ம் வருஷத்து ‘கங்கா தின்’ படத்திலேயே கங்கா தின்னாக வந்தவர் சாம் ஜாஃபே என்ற அமெரிக்கர்தான். அதைக் கிண்டல் செய்ய வந்த படமும் அதே சாயப் புட்டியைத் திறந்தது.

அப்பாவின் பதிலும் லேசானதல்ல. செல்லர்ஸுக்காகத்தானே முதல் போட்டார்கள்? அவர் இல்லாவிட்டால் படமே இல்லையே! உண்மைதான். ஆனால் அது முதலாளிக்கு ஏற்ற பதில். பார்க்கிற நமக்கு அது போதுமா?

பார்த்தவர்கள் பட்ட பாடு

அந்தப் பேச்சு திரையோடு நின்றுவிட்டால் யாருக்கும் வழக்கில்லை. நிற்கவில்லை. அமெரிக்காவில் 1990-லிருந்து ‘தி சிம்ப்சன்ஸ்’ கேலிச்சித்திரத் தொடரில் அப்பு என்று ஓர் இந்தியக் கடைக்காரர் வந்தார். குரல் கொடுத்தவர் ஹாங்க் அசேரியா என்ற வெள்ளைக்காரர். அந்தக் குரலை எங்கிருந்து எடுத்தார் தெரியுமா? ‘தி பார்ட்டி’யின் பக்‌ஷியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். அமெரிக்காவில் வளர்ந்த இந்தியப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் அந்தக் குரலில் அழைத்துக் கேலி செய்தார்கள். தெலுங்குக் குடும்பத்தைச் சேர்ந்த ஹரி கொண்டபோலு என்ற நகைச்சுவையாளர் 2017-ல் இதைப் பற்றி ஒரு ஆவணப்படமே எடுத்தார். 2020-ல் அசேரியா அந்தக் குரலை விட்டுவிட்டார். 2021-ல் மன்னிப்பும் கேட்டார்.

நம் ஊர்க் குடும்பம் ஒன்றும் இந்தக் கதையில் உண்டு. அஸீஸ் அன்சாரி என்ற அமெரிக்க நடிகரின் பெற்றோர் தமிழ்நாட்டிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள். சிறு பையனாக இருந்தபோது அவர் ‘ஷார்ட் சர்க்யூட் 2’ (1988) பார்த்தார். அதில் ஓர் இந்திய விஞ்ஞானிதான் கதாநாயகன். நம்மைப் போல ஒருவன் திரையில் வருகிறானே என்று பையனுக்கு ஒரே ஆனந்தம். பல ஆண்டு கழித்து, காலேஜில் படிக்கும்போதுதான் தெரிந்தது, அது ஃபிஷர் ஸ்டீவன்ஸ் என்ற வெள்ளைக்காரர் சாயம் பூசி நடித்தது என்று! 2015-ல் அன்சாரி இதைப் பத்திரிகையில் எழுதினார். ‘மாஸ்டர் ஆஃப் நன்’ என்ற தம் தொடரில் ஒரு பகுதியாகவும் வைத்தார். அந்தத் தொடரில் தம்முடைய அப்பா அம்மா வேடத்துக்குச் சொந்த அப்பா அம்மாவையே நடிக்க வைத்துவிட்டார். நடிப்புப் பழக்கமில்லாத அந்த இரண்டு பேரும் பேசுகிற பேச்சைக் கேட்டுவிட்டுப் பிறகு பக்‌ஷியைக் கேளுங்கள். எது இரவல் என்று காது உடனே சொல்லிவிடும்.

இன்னொரு பார்வையாளரையும் சொல்லவேண்டும். அவர் சத்யஜித் ரே. ‘பாதேர் பாஞ்சாலி’ எடுத்த மேதை. 1967-ல் ‘தி ஏலியன்’ என்று வேற்றுலகத்து உயிர் வங்காளக் கிராமத்துக்கு வருகிற கதை ஒன்றை ஹாலிவுட் பணத்தில் எடுக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். கொழும்பில் இருந்த மைக் வில்சன் இடையில் நின்று பேசினார். மார்வாடி வியாபாரி வேடத்துக்குப் பீட்டர் செல்லர்ஸ் என்று முடிவாகியிருந்தது. அதே சமயத்தில்தான் செல்லர்ஸ் ‘தி பார்ட்டி’யில் பக்‌ஷியாக நடித்தார். படத்தில் பக்‌ஷி தாம் வளர்க்கிற குரங்கைப் பற்றிச் சொல்கிறார். குரங்கின் பெயர் அப்பு! ரேயின் மூன்று படங்களில் பிறந்து வளர்ந்து நம் கண்ணைக் கலங்கவைத்த பையனின் பெயர் அது. ரே மனம் புண்பட்டார். செல்லர்ஸும் பின்னர் வேடத்திலிருந்து விலகிக்கொண்டார். ‘தி ஏலியன்’ கடைசிவரை எடுக்கப்படவே இல்லை. சிம்ப்சன்ஸ் கடைக்காரருக்கும் ரேயின் பையனை நினைத்துத்தான் பெயர் வைத்தார்கள். ஒரே பெயர் குழந்தையிலிருந்து குரங்குக்கும், குரங்கிலிருந்து கடைக்காரருக்கும் போன பயணத்தைப் பாருங்கள்.

ஆனாலும் பக்‌ஷி பெரிய மனிதர்

இவ்வளவும் சொன்ன பிறகும் அப்பாவைச் சிரிக்காதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம், பக்‌ஷி என்கிற பாத்திரத்தின் குணம். அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஸ்டூடியோ முதலாளி தம் சொத்தைத் தவிர எதையும் பார்க்காதவர். தயாரிப்பாளர் டிவட், சினிமா ஆசையோடு வந்த பெண்ணை அறைக்குள் மடக்கப் பார்க்கிற ஆசாமி. விருந்தாளிகள் ஒருவர் பேசுவதை ஒருவர் கேட்காதவர்கள். தப்புச் செய்தால் மன்னிப்புக் கேட்பவர், பாடினால் காதுகொடுத்துக் கேட்பவர், பரிசாரகனையும் மனிதனாக மதிப்பவர் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான். டிவட்டிடம் சிக்கிய பெண்ணுக்காகப் பக்‌ஷி குறுக்கே போகிறார். நீ யாரென்று நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று சீறுகிறவரிடம், இந்தியாவில் நாங்கள் யாரென்று நினைத்துக்கொள்வதில்லை, யாரென்று எங்களுக்குத் தெரியும் என்கிற பொருளில் பதில் சொல்கிறார். அந்த நேரத்தில் செல்லர்ஸின் முகத்தில் கோமாளித்தனம் துளியும் இல்லை.

யானைக் காட்சியும் அப்படியே. வீட்டுப் பெண் தன் சிநேகிதர் கூட்டத்தோடு ஒரு யானைக்குட்டியைக் கொண்டுவருகிறாள். அதன் உடம்பெல்லாம் சாயத்தால் வாசகங்கள் எழுதியிருக்கின்றன. ராத்திரி முழுக்க எல்லா அவமானத்தையும் புன்னகையோடு ஏற்றுக்கொண்ட பக்‌ஷி இங்கே மட்டும் வருத்தப்படுகிறார். எங்கள் நாட்டில் யானைக்கு உள்ள மரியாதை என்ன, இப்படிச் செய்யலாமா என்று கேட்கிறார். பிள்ளைகள் தலைகுனிந்து யானையைக் குளிப்பாட்டத் தொடங்குகிறார்கள். அதிலிருந்துதான் நுரை. ஒரு ஜீவனின் மேல் சாயம் பூசுவது அதற்கு அவமரியாதை என்று, சாயம் பூசிய நடிகர் ஒருவர் சொல்கிறார்! இதை எழுதியவர்கள் கவனித்தார்களோ இல்லையோ, இன்றைக்குப் பார்க்கிறவர்கள் கவனிக்காமல் இருக்கமுடியாது.

என்னைக் கேட்டால் தீர்ப்பு இரண்டாகத்தான் வரும். நடிப்பு முதல் தரம். அந்த வேடத்தை அவருக்குக் கொடுத்தது தவறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் வீட்டில் சண்டை. செல்லர்ஸின் கையும் காலும் கண்ணும் செய்வது எந்த நாட்டு மனிதனுக்கும் பொருந்தும். வெட்கப்படுகிற எந்த மனிதனும் அவரில் தன்னைக் காணலாம். நாக்கும் சாயமும் செய்வது மட்டும் ஒரு இனத்தாரின் தலையில் வந்து விழுகிறது.

நம் வீட்டுக் கண்ணாடி

அப்பா இன்னொரு கேள்வியும் கேட்பார். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாம் மட்டும் யோக்கியமா? அதே 1968-ல் இந்தியில் ‘படோசன்’ வந்தது. மெஹ்மூத் அதில் மாஸ்டர் பிள்ளை என்ற தென்னிந்தியப் பாட்டு வாத்தியார். குடுமியும் வேட்டியுமாக, தமிழன் இந்தி பேசினால் எப்படியிருக்கும் என்று காட்டிக் கைதட்டல் வாங்கினார். வடக்கத்தியார் நம்மைக் கேலி செய்கிறார்கள் என்று சிலருக்குக் கோபம். பலர் அந்தப் பாட்டுப் போட்டிக் காட்சியை இன்னமும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறோம். தமிழ்ப் படங்களிலோ, வட்டிக்கடைச் சேட் வாயைத் திறந்தாலே ‘நம்பள்கி, நிம்பள்கி’ என்று சிரிப்புத்தான். கமல்ஹாசன் 2008-ல் ‘தசாவதாரம்’ படத்தில் பத்து வேடம் போட்டபோது, அவற்றில் ஒன்று ஜப்பானியர், ஒன்று அமெரிக்க ஜனாதிபதி புஷ். முகத்தில் ஒட்டுப்போட்டு ஜப்பானியராக வந்தவரை நாம் சாமர்த்தியம் என்று மெச்சினோம். ஜப்பானில் இருக்கிற ஒரு பெண் அதை எப்படிப் பார்ப்பாள் என்று நம்மில் எத்தனை பேர் யோசித்தோம்?

வித்தியாசம் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். தமிழ்ப் படத்துச் சேட்டைப் பார்த்துச் சிரிப்பதால் வட்டிக்கடைக்காரருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை, அவருக்கு வேறு நூறு படங்களில் நாயகன் வேடம் உண்டு. 1968-ம் வருஷத்து ஹாலிவுட்டில் இந்தியருக்கு இருந்த ஜன்னல் ஒன்றோ இரண்டோதான். அதிலும் வெள்ளைக்காரர் முகமே தெரிந்தால் வலிக்கத்தான் செய்யும். இங்கே சிறுபான்மையாக வாழ்கிற நமக்கு அந்த வலி புரியும். 2019-ல் சிங்கப்பூரில் ஒரு விளம்பரம். ஒரே சீன நடிகர் நான்கு பேராக வந்தார். அவர்களில் இந்தியராக வரும்போது முகத்தைக் கறுக்கவைத்திருந்தார்கள். இந்தியர் ஒருவரையே நிற்கவைத்திருக்கக்கூடாதா என்று கேள்வி எழுந்தது. சம்பந்தப்பட்டவர்கள் மன்னிப்புக் கேட்டு விளம்பரத்தை எடுத்துவிட்டார்கள். செல்லர்ஸின் படத்தைப் பார்த்து எந்த மகள் முகம் சுளித்தாளோ, அவள் அந்த விளம்பரத்தையும் பார்த்தவளாக இருக்கலாம் என்பதை அப்பாமார்கள் மறக்கவேண்டாம்.

இங்கிலாந்தில் குடியேறிய இந்தியர்களின் பிள்ளைகள் இதற்கு ஒரு அழகான பதில் கொடுத்தார்கள். சஞ்சீவ் பாஸ்கர், மீரா சியால், குல்விந்தர் கிர், நினா வாடியா ஆகியோர் 1996-ல் பி.பி.சி. வானொலியிலும் 1998-லிருந்து டெலிவிஷனிலும் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி நடத்தினார்கள். வைத்த பெயர் என்ன தெரியுமா? ‘குட்னஸ் கிரேஷியஸ் மீ’! செல்லர்ஸின் பாட்டையே பஞ்சாபி மேளத்தோடு முகப்பிசையாகவும் போட்டார்கள். வெள்ளைக்காரர்கள் குடித்துவிட்டு இந்திய உணவுக்கடையில் செய்யும் ரகளையை அப்படியே தலைகீழாக்கி, இந்தியர்கள் வெள்ளைக்காரர் கடைக்குப் போய் ரகளை செய்வதாக ஒரு காட்சி வைத்தார்கள். அது இன்றைக்கும் பேசப்படுகிறது. திட்டி எழுதுகிற நூறு கட்டுரைகளை விட அது எனக்குப் பிடிக்கிறது.

மற்ற நடிகர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் குற்றமாகும். பாடுகிற பெண்ணாக வரும் குளோடீன் லாங்கேக்கு முகபாவம் அதிகமில்லை, குரல் மிருது, அது போதும். கௌபாய் நடிகராக வரும் டென்னி மில்லர் முன்பு ஒரு படத்தில் டார்சானாக நடித்தவர். தன் புகழில் தானே மயங்கிக் கிடக்கும் நடிகனை அன்போடு கேலி செய்கிறார். டிவட்டாக வரும் கேவின் மெக்லவுடைப் பின்னாளில் ‘தி லவ் போட்’ தொடரின் கப்பல் தலைவராகப் பலர் பார்த்திருப்பீர்கள். இங்கே அவருடைய பொய் முடி கழன்று விழும்போது கிடைக்கிற சந்தோஷம் தனி.

ஆனால் படத்தை நாலைந்து தடவை பார்த்தவர்களைக் கேளுங்கள். அவர்கள் முதலில் சொல்லும் பெயர் செல்லர்ஸ் அல்ல. ஸ்டீவ் ஃபிராங்கன். 2012-ல் காலமானார். மது பரிமாறுகிற பரிசாரகன் வேடம் அவருக்கு. பேச்சு அநேகமாக இல்லை. பக்‌ஷி மது அருந்தாதவர். தட்டை நீட்டும்போதெல்லாம் பணிவாக வேண்டாம் என்கிறார். வேண்டாம் என்ற கோப்பையைத் திருப்பிக் கொண்டுபோவானேன் என்று பரிசாரகன் தானே குடித்துவிடுகிறான். பக்‌ஷியின் மரியாதை ஏற ஏற இவனுக்குப் போதை ஏறுகிறது. முதுகு மட்டும் கடைசிவரை கம்பு மாதிரி நிமிர்ந்தே இருக்கும், கால்கள்தான் வேறு ஊருக்குப் புறப்பட்டிருக்கும். சாயமில்லை, இரவல் பேச்சில்லை, எந்த இனத்துப் பெயருமில்லை.

விருந்துக் காட்சியில் எல்லோருடைய கண்ணும் தாழ்ந்த நாற்காலியில் இருக்கும் பக்‌ஷியின் மேல் இருக்கும். நீங்கள் பின்னால் இருக்கும் சமையலறைக் கதவைப் பாருங்கள். அது முன்னும் பின்னும் ஆடுகிற கதவு. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும், உள்ளே தலைமைப் பரிசாரகர் ஃபிராங்கனின் கழுத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கி நெரித்துக்கொண்டிருப்பார்.